தலையாட்டக் கூடாத வகுப்பு

அவருக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரை அழைத்ததாக எனக்கு நினைவில்லை. சிராங்கூன் சாலைப் பக்கம் குடியிருந்தவர்கள் பைபிளம்மா என்றார்கள். தஞ்சோங் பகார் கப்பல்துறை ஆட்கள் சிலோன் அம்மா என்றார்கள். இரண்டாவதுதான் நிலைத்தது. நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஜப்பான்காரர் காலத்தில் எங்கள் ஆங்கிலிக்கன் சபையில் சேர விரும்பிய பெரியவர்களை ஆயத்தம் செய்தவர் அவர். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது ஞானப்பெற்றோர் அவர்களுக்காகப் பதில் சொல்லிவிடலாம். வளர்ந்தவர்கள் தாமே சொல்லவேண்டும். அதற்குப் பிறகு அத்தியட்சர், அதாவது பிஷப், வந்து தலைமேல் கை வைத்து ஜெபிப்பார். அது திடப்படுத்தல். அதன் பின்புதான் நற்கருணைப் பந்தியில் இடம். இந்த இரண்டு படிகளுக்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வருவது சிலோன் அம்மாவின் வேலை. பெரியவர்கள் ஞானஸ்நானம் பெறும்போது பக்கத்தில் நிற்க ஒரு சாட்சி வேண்டும். குருவானவர் அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார். போருக்கு முன் நான் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க். வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பாடத்தை உரக்க வாசித்துக் காட்டுவதும் என் வேலையாயிற்று. அதனால்தான் அவரை அருகிலிருந்து பார்க்க முடிந்தது.

பள்ளிக் கட்டடத்தை ஜப்பான்காரர்கள் அரிசிக் கிடங்காக எடுத்துக்கொண்டதால், வகுப்பு ஆலயத்தின் பின் வராந்தாவில் நடந்தது. சனிக்கிழமை பிற்பகல். புதிதாக வருகிறவரிடம் சிலோன் அம்மா முதலில் பெயர் கேட்கமாட்டார். அவித்த மரவள்ளிக்கிழங்கில் ஒரு துண்டைக் கையில் கொடுப்பார். சோறு எப்போதோ கிடைத்த காலம் அது. எல்லார் வீட்டிலும் ஊபிதான், அதாவது இந்தக் கிழங்குதான். அவரே வீட்டுக்குப் பின்னால் நட்டு, அவித்து, அலுமினியத் தூக்கில் கொண்டுவருவார். வந்தவர் தின்று தண்ணீரும் குடித்த பிறகு, கிழங்குக்காக வந்திருந்தால் இனிப் போகலாம், அடுத்த கிழமையும் கிழங்கு இருக்கும், அதற்குப் பாடம் கேட்க வேண்டியதில்லை என்று சொல்வார். சிலர் உண்மையாகவே எழுந்து போனார்கள். மறு வாரமும் வந்து தின்றுவிட்டுப் போனார்கள். அவர்களை நான் முறைத்துப் பார்த்ததுண்டு. அவர் என்னைத்தான் முறைத்தார்.

யாழ்ப்பாணத்துப் பெண். ஐம்பதைத் தொட்டிருப்பார். உயரம். பெரிய பாதங்கள், ஆண்கள் போடும் கான்வாஸ் சப்பாத்துப் போட்டுக்கொண்டு எங்கும் நடந்தே போவார். கேள்வி கேட்டுவிட்டால் குடையின் கைப்பிடியில் மோவாயை வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருப்பார். காத்திருப்பதில் அவருக்குச் சலிப்பே வராது. நமக்குத்தான் வியர்க்கும்.

அந்த வகுப்பில் ஒரே ஒரு சட்டம் இருந்தது. தலையாட்டக் கூடாது.

இதைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்து நகரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பாலத்து முனையில் ஒரு சிப்பாய், சந்தை வாசலில் ஒரு சிப்பாய். எல்லாருக்கும் குனிந்துவிட்டுத்தான் நகரவேண்டும். குனிவு போதாவிட்டால் கன்னத்தில் விழும். அலுவலகத்தில் காலையில் வரிசையாக நின்று குனிந்தோம். வீட்டு வாசலில் யாராவது உரக்கக் கூப்பிட்டால் கூட, யார் என்று பார்க்குமுன் என் கழுத்து வளைந்துவிடும். எங்கள் வகுப்புக்கு வந்தவர்களும் அப்படித்தான் வந்தார்கள். சிலோன் அம்மா எதைச் சொன்னாலும் ஆமாம் என்று ஆட்டினார்கள்.

அவர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பாடத்தின் நடுவே, முகம் மாறாமல், தப்பாக ஒன்றைச் சொல்வார்.

நான் பார்த்த முதல் தடவை, கடவுள் தந்த கற்பனைகள், அதாவது கட்டளைகள், பதினொன்று என்றார். போன வாரம்தான் பத்தையும் மனப்பாடம் செய்வித்திருந்தார். எல்லாத் தலைகளும் ஆடின. என் தலையும் சிறிது ஆடியது. அவர் புத்தகத்தை மூடினார். அன்றைய பாடம் முடிந்தது என்றார். யாருக்கும் ஏன் என்று விளங்கவில்லை. என் நாட்குறிப்பில் அன்று எழுதியிருப்பது இதுதான்: 'மழை. கிழங்கு. பாடம் பாதியில் நின்றது.' அந்த நாட்களில் நாட்குறிப்பில் அதிகம் எழுதுவது ஆபத்து.

அடுத்த வாரம் நோவாவின் பேழையில் மோசேயை ஏற்றினார். சாப்பாட்டுக் கடையில் மாவு பிசைகிற மருதமுத்து என்பவர் சிரிப்பை அடக்கமுடியாமல், "அது வேற ஆளு லா, அம்மா," என்றார். சொன்னவுடனே பயந்து வாயைப் பொத்திக்கொண்டார். சிலோன் அம்மா, "ஓம், வேறை ஆள்," என்று மட்டும் சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தார். பாராட்டு ஒன்றும் இல்லை. ஆனால் அன்று வராந்தாவில் காற்று வந்தது போல இருந்தது. அதற்குப் பிறகு அவர் எங்கே தப்புச் சொல்லப் போகிறார் என்று எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மருதமுத்து சரியாகச் சொன்னதையும் மறுத்து இரண்டு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஏன் இப்படித் தப்பாகச் சொல்கிறார் என்று ஒரு நாள் சிலோன் அம்மாவிடமே கேட்டேன். ஆராதனை முறையைப் பார்க்கச் சொன்னார். ஞானஸ்நானத்தின்போது குருவானவர் முதலில் கேட்பது விசுவாசிக்கிறாயா என்று அல்ல. தீமையை விட்டு விலகுகிறாயா என்றுதான், அதாவது தீமைக்கு மாட்டேன் என்கிறாயா என்று. அதற்குப் பதில் சொன்ன பிறகுதான் விசுவாசத்தைப் பற்றிக் கேட்பார். "முதல் மாட்டன் எண்டு சொல்லவேணும். பிறகுதான் ஓம் எண்டு சொல்லலாம். மாட்டன் எண்டு சொல்லத் தெரியாத ஆளின்ரை ஓமை வச்சுக்கொண்டு ஐயா என்ன செய்யிறது?" என்றார்.

அவர் வீரம் பேசுகிறவர் அல்ல. ஒரு நாள் இருவரும் பாலத்தைக் கடந்தபோது சிப்பாய்க்கு முன் ஒழுங்காக, இடுப்பிலிருந்து, குனிந்தார். அந்தப் பக்கம் போன பிறகு நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். அவருக்கு விளங்கிவிட்டது. "அங்கை குனியாட்டி அறை விழும். வராந்தாவிலை ஆர் உங்களை அறையப் போறது?" என்றார்.

இந்தப் பிடிவாதத்தில் அவர் தவறியதும் உண்டு. சீனிவாசகம் என்ற வங்கிக் கிளார்க் எல்லாப் பாடத்தையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே மூச்சில் ஒப்புவிப்பார். பதினொரு கற்பனை என்றபோது அவரும் தலையாட்டியவர்தான். பெரியவர் சொல்லும்போது எப்படி மறுப்பது, மரியாதை இல்லையா என்றார். "மரியாதை வேறை, மறுமொழி வேறை," என்று சொல்லி சிலோன் அம்மா அவரை நிறுத்திவைத்தார். அவர் மனம் நொந்து குருவானவரிடம் போனார். குருவானவர் திருநெல்வேலிக்காரர், இளகிய மனது. தாமே அவரைச் சோதித்துச் சேர்த்துக்கொண்டார். பின்னாளில் சீனிவாசகத்தைப் போல அந்தச் சபைக்கு உழைத்தவர் இல்லை. "அவரிலை நான் பிழை விட்டிட்டன்," என்று சிலோன் அம்மா பலர் முன்னிலையில் சொன்னார். வழியை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

இனி வேலாயுதம்.

தஞ்சோங் பகாரில் வின்ச் ஓட்டுகிறவன். சரக்கைத் தூக்கிக் கப்பலின் வயிற்றுக்குள் இறக்கும் இயந்திரம் அது. நகரம் ஜப்பான்காரர் கையில் விழுந்த வாரத்தில் குண்டுச் சிதறல் தொடையில் பட்டு, தற்காலிக ஆஸ்பத்திரி ஒன்றின் தரையில் கிடந்தான். அங்கே அவனுக்குப் புண் கழுவி, கஞ்சி ஊட்டியவர்களில் சிலோன் அம்மாவும் ஒருவர். நடக்க முடிந்ததும் விசாரித்துக்கொண்டு எங்கள் வராந்தாவுக்கு வந்துவிட்டான். அம்மாவோட சாமி எதுவோ அதுதான் இனி என் சாமி என்றான். அவர் கிழங்கைக் கொடுத்தார். தின்று முடித்ததும், நன்றி சொல்வதற்காக ஞானஸ்நானம் வாங்கத் தேவையில்லை, நன்றி சொல்லியாயிற்று, போய் வா என்றார். அவன், "ஆமாங்க," என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

அவனிடம் இருந்த ஒரே சொல் அதுதான். கூலிகளை வேலை வாங்கும் மண்டோர்களுக்கும் கங்காணிகளுக்கும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொல். ஒரு நாள் அவர், பிசாசு எங்கே இருக்கிறான் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டார். "ஆமாங்க," என்றான். சுவர் ஓரம் உட்கார்ந்திருந்த அவன் மனைவி அஞ்சலை தலையில் அடித்துக்கொண்டாள். "எங்கேன்னுய்யா கேக்குறாங்க."

அஞ்சலை வகுப்பில் சேரவில்லை. ஆனால் ஒரு சனிக்கிழமையும் தவறியதில்லை. தனக்கு மாரியம்மன் போதும், இந்த மனுஷன் எங்கே போய் எதில் விழுகிறார் என்று பார்க்கத்தான் வருகிறேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். பாடத்தில் எது அவளுக்கு ஒப்பவில்லையோ அதை அங்கேயே கேட்பாள். பட்டினி கிடக்கும் ஊரில் உபவாசம் எதற்கு என்று அவள் கேட்டபோது சிலோன் அம்மா குடையில் மோவாயை வைத்து வெகுநேரம் யோசித்தார். வகுப்பு முடிந்ததும் இருவரும் தூக்கைக் கழுவியபடி பேசிக்கொண்டிருப்பார்கள். அவளைச் சேர்க்க முயலக் கூடாதா என்று குருவானவர் கேட்டதற்கு, "ஐயா, என்னட்டைத் தலையாட்டாத ஆள் அவ ஒருத்திதான். அவவைக் கெடுக்காதேங்கோ," என்றார்.

இரண்டாம் வருடத்தின் தொடக்கத்தில் அத்தியட்சரை முகாமில் அடைக்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. அதுவரை அவர் வெளியே நடமாட முடிந்தது. இனி எப்போது திடப்படுத்தல் நடக்குமோ தெரியாது என்பதால், அவசரமாக ஒரு ஞாயிறு குறிக்கப்பட்டது. காலையில் ஞானஸ்நானம், அடுத்தே திடப்படுத்தல். ஆயத்தமானவர்கள் யார் என்று குருவானவர் கேட்டார். சிலோன் அம்மா சொன்ன பெயர்களில் மருதமுத்து இருந்தார். வேலாயுதம் இல்லை. அவனும் போகட்டுமே அம்மா, பாவம் என்று நானும் சொன்னேன். இன்னும் அவனுடைய குரலைத் தான் கேட்கவில்லை என்றார்.

அந்த ஞாயிறு நடந்தது. சில வாரங்களில் அத்தியட்சரும் முகாமுக்குள் போனார். இருந்த வாய்ப்பைக் கெடுத்துவிட்டார் என்று சபையில் சிலோன் அம்மாவைப் பற்றிப் பேசினார்கள். ஒரு பெண்பிள்ளைக்கு இவ்வளவு அதிகாரமா என்றும் பேசினார்கள். வேலாயுதம் மட்டும் ஒன்றும் பேசவில்லை. சனிக்கிழமை வந்து உட்கார்ந்து, ஆமாங்க என்றான்.

அப்புறம் சயாம் வந்தது. ஜப்பான்காரர்கள் அங்கே ரயில் பாதை போட ஆள் எடுக்கிறார்கள் என்று ரப்பர் தோட்டங்களில் தொடங்கிய செய்தி நகரத்துக்குள்ளும் வந்துவிட்டது. போனவர்களிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. வேலாயுதத்தின் குடியிருப்பிலும் பெயர் எழுதிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் கூப்பிடுவார்கள் என்று மண்டோர் சொன்னானாம். இதை அஞ்சலைதான் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு, வழக்கம்போல் தூக்கைக் கழுவ எடுத்தாள். மூடி கைதவறி உருண்டு ஓடியது.

சிலோன் அம்மா நேராகக் குருவானவரிடம் போனார். வருகிற ஞாயிறே வேலாயுதத்துக்கு ஞானஸ்நானம் கொடுக்கவேண்டும் என்றார். அத்தியட்சர் இல்லாவிட்டாலும், திடப்படுத்தலுக்கு ஆயத்தமும் விருப்பமும் உள்ளவரை நற்கருணைக்குச் சேர்க்க எங்கள் சபை முறையில் இடமுண்டு. அதையும் சேர்த்தே கொடுத்துவிடலாம் என்றார். ஆயத்தம்தானா என்று குருவானவர் கேட்டார். ஆயத்தம் என்று சொல்லிவிட்டு சிலோன் அம்மா தரையைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்து நான் கண்டது அன்றுதான்.

அன்று மாலையே இருவரும் தஞ்சோங் பகார் போனோம். கூலி லைனில் ஒரே அறை, வாசலில் பெஞ்சு. வேலாயுதம் அப்போதுதான் குளித்துவிட்டு நின்றான். எங்களைக் கண்டதும் தோளிலிருந்த துண்டை எடுத்தான். சிலோன் அம்மா உட்காரவில்லை.

"வாற ஞாயிறு ஐயா உங்களுக்கு ஞானஸ்நானம் தருவார். எல்லாம் கதைச்சிட்டன். வெள்ளை வேட்டி இல்லாட்டிக் கவலைப்படாதேங்கோ, இவர் தருவார்," என்று என்னைக் காட்டினார்.

அவன் ஆமாங்க என்று சொல்வதற்காகக் காத்திருந்தோம். அதுவும் வரவில்லை. துண்டை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"வேணாங்கம்மா," என்றான்.

அஞ்சலை அடுப்பை விட்டு எழுந்து வந்து நிலைப்படியில் நின்றாள்.

"ஏன்?"

"பயத்துல இருக்கேன். ரெண்டு நாளா ஊபி கூட எறங்கல. இப்ப நீங்க எதக் கேட்டாலும் சரின்னுதான் சொல்லுவேன். அது பயம் சொல்றது. நான் சொன்னதா ஆவாது."

"போய்த் திரும்பி வராட்டி?"

"வரலன்னா... கேட்டுக்கிட்டேதான் இருந்தான்னு அந்தச் சாமிக்குத் தெரியாதுங்களா?" கொஞ்சம் நிறுத்தினான். அவ்வளவு பேசிப் பழக்கமில்லாததால் மூச்சு வாங்கியது. "கெழங்குக்கு வராதேன்னீங்க. நன்றிக்கு வராதேன்னீங்க. பயத்துக்கு மட்டும் வரலாங்களா?"

சிலோன் அம்மா அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்தார். குடை மடியில் குறுக்கே கிடந்தது. லைனில் யாரோ குழந்தையை அதட்டும் சத்தம் கேட்டது.

"வரக் கூடாது," என்றார். "நான்தான் பயந்திட்டன்."

அஞ்சலை எங்களுக்கு ஆளுக்கொரு டம்ளர் வெறுந்தண்ணீர் கொடுத்தாள். கணவனைப் பார்த்தபடியே கொடுத்தாள். பாதி என் சட்டையில் கொட்டியது.

இருட்டிய பிறகு ஆலயத்துக்குத் திரும்பினோம். குருவானவர் விளக்கை ஏற்றாமல் வாசலில் காத்திருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"அவர் ஆயத்தம், ஐயா."

"நல்லது. அப்போ ஞாயித்துக்கிழமை வச்சிருவோம்."

"இல்லை. அவர் மாட்டன் எண்டிட்டார்."

குருவானவர் என்னைப் பார்த்தார். நான் ஈரச் சட்டையைப் பார்த்தேன்.

அடுத்த வாரம் லாரிகள் வந்தன. அந்த லைனிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. அவர்களில் சிலர் எங்கள் கிழங்கைத் தின்றவர்கள். வேலாயுதத்தை ஏற்றவில்லை. துறையில் கப்பல்கள் காத்துக் கிடந்தன. வின்ச் ஓட்டத் தெரிந்தவர்களை நிறுத்திக்கொண்டார்கள். வேறு காரணம் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அவன் வகுப்புக்கு வரவில்லை. ஒரு சனிக்கிழமை வரவில்லை. மறு சனிக்கிழமையும் வரவில்லை. அஞ்சலையும் வரவில்லை. ஆபத்து நீங்கியது, ஆளும் நீங்கினான் என்று மருதமுத்து கேலி செய்தார். நான் போய்ப் பார்த்து வரட்டுமா என்று சிலோன் அம்மாவைக் கேட்டேன். வேண்டாம் என்றார். ஆனால் கேட் பக்கம் சத்தம் கேட்கும்போதெல்லாம் பாடத்தில் விட்ட இடம் மறந்தது. ஒரு நாள் உண்மையாகவே பத்தைப் பதினொன்று என்றார். நாங்கள் எல்லாரும் சேர்ந்து திருத்தினோம்.

ஒரு மாதம் போலக் கழித்து, பாடம் தொடங்குமுன், கேட்டைத் தள்ளிக்கொண்டு இருவரும் வந்தார்கள். அஞ்சலைக்குக் காய்ச்சலாக இருந்ததாம். வேலாயுதம் கிழங்கு வாங்கிக்கொள்ளவில்லை. அன்று துறையில் சாப்பாடு போட்டார்களாம். நேராக சிலோன் அம்மாவின் முன் வந்து நின்றான்.

"இப்ப பயம் எதுவும் இல்லீங்க. வயிறும் நெறைஞ்சிருக்கு. இப்பக் கேளுங்க."

அவர் ஒன்றும் கேட்கவில்லை. குருவானவரைப் பார்க்க எழுந்து போனார்.

போர் முடிந்து அத்தியட்சர் முகாமிலிருந்து மெலிந்துபோய் வெளியே வந்தபோது, எங்கள் ஆலயத்தில் அவர் கை வைத்த முதல் தலைகளில் வேலாயுதத்தினுடையதும் ஒன்று. அதுவும் நல்ல நாள்தான். ஆனால் சிலோன் அம்மாவை நினைக்கும்போது எனக்கு வருவது அவனுடைய ஞானஸ்நான நாள்.

அன்று ஆலயத்தில் கூட்டம் அதிகமில்லை. ஞானஸ்நானத் தொட்டியின் அருகே வேலாயுதம் என் வேட்டியைக் கட்டிக்கொண்டு நின்றான். சாட்சியாக நான் அவன் பக்கத்தில். எங்களுக்குப் பின்னால் சிலோன் அம்மா. கடைசிப் பெஞ்சில் அஞ்சலை, நெற்றியில் பெரிய குங்குமத்தோடு. குருவானவர் முதல் கேள்வியைக் கேட்டார். தீமையையும் அதன் செயல்களையும் விட்டு விலகுகிறாயா என்ற கேள்வி.

வேலாயுதம் பேசவில்லை.

குருவானவர் காத்திருந்தார். யாரோ இருமினார்கள். எனக்குத் தாங்கவில்லை. பதிலை மெதுவாக எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் முழங்கையைப் பிடித்தது. அழுத்தமான பிடி. நான் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு அவன் பதில் சொன்னான். வின்ச் மேடையிலிருந்து கப்பலின் அடித்தளத்தில் நிற்பவனுக்குக் கூவுகிற குரலில் சொன்னான். குருவானவர் ஓரடி பின்வாங்கினார். கூரையில் இருந்த புறாக்கள் கலைந்து பறந்தன.

கடைசிப் பெஞ்சிலிருந்து அஞ்சலை, தனக்குள் சொல்லிக்கொள்வதாக நினைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "வீட்ல இந்தத் தொண்டை எங்க போவுதுன்னு தெரியல."

சிலோன் அம்மா சிரித்துவிட்டார். ஆலயத்துக்குள், ஆராதனையின் நடுவே, வாய்விட்டு. குருவானவர் கையில் புத்தகத்தோடு அப்படியே நின்றார். சிரிப்பை அடக்கிக்கொள்ள அம்மாவுக்குச் சிறிது நேரம் பிடித்தது. அதற்குப் பிறகுதான் என் முழங்கையை விட்டார்.

"ஐயா," என்றார், "அடுத்த கேள்வியைக் கேளுங்கோ."